மொகு போட்ட துணி

ஏனுங்ணா, கொஞ்சம் நவுந்து உக்காருங்க. என்ற முழங்கை உங்க இலையில பட்டுதுன்னா அதுக்கும் என்னையத்தான் சொல்லுவீங்க. இந்த மண்டபத்துல இன்னைக்கு எல்லாத்துக்கும் நாந்தானுங்க காரணம். அதா, அந்த எதிர் வரிசையில கண்ணாடி போட்ட புள்ள, என்னையப் பாத்துட்டு எடத்தை மாத்தி உக்காந்துட்டா, பாத்தீங்களா? உக்காரட்டும். எனக்கென்ன வந்துச்சு. பொரியல் வெய்யி கண்ணு, என்ன பாக்கற? எல்லாருக்கும் வெக்கற மாதிரி வெய்யி.

நீங்க பொண்ணு வீடுங்களா? அவிநாசியா? நல்லதாப் போச்சு. மாப்பிள்ளை வீட்டு ஆளுகன்னா என்ற பக்கத்துல உக்காரவே மாட்டாங்க. நான் மாப்பிள்ளைக்கு, தரணிக்கு, அண்ணன் மாதிரிங்க. கூடப் பொறந்தவன் இல்ல. ஆனா பத்து வருசமா 'கௌரிண்ணா, கௌரிண்ணா'ன்னு என்ற பின்னாடியே சுத்துனவன். எங்க வீட்டுல அவனுக்குன்னு ஒரு டம்ளர் இருக்குதுங்க. இப்ப ஆறேழு மாசமாப் பேச்சு இல்ல. ஃபோன் போட்டா எடுக்கறதில்ல. பத்திரிகையும் வெக்கல. வெக்காட்டி என்னங்க? அண்ணன்காரனுக்கு எதுக்குங்க பத்திரிகை? நானா பஸ் ஏறி வந்துட்டேன்.

பந்தி பாக்க மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்துதானுங்களே ஆகோணும்? வரட்டும். எல்லாரு முன்னாடியும் என்ற சட்டையப் புடிச்சு நாலு வார்த்தை நறுக்குனு கேக்கட்டும். கேட்டுட்டான்னா சரியாப் போயிரும். பேசாம இருக்கறதுதானுங்க தாங்கல. அவன் என்னையத் திட்டோணும், அதுக்குத்தான் வந்தேன். சோத்துக்கு வரல.

என்ன சண்டைன்னா, ஒரு எலியைப் பத்துன சண்டைங்க. சிரிக்காதீங்க. பெருச்சாளி மாதிரி மண்ணுக்குள்ள தோண்டிட்டுப் போற சாதி. பேரு மொகு. தலையில மஞ்சக் குல்லா, நெத்தியில ஒரு லைட்டு. 'நிலத்தடிப் படை'ன்னு டிவியில தமிழ்ல வந்துச்சு. ஜப்பான்காரன் வரைஞ்சது. கார்ட்டூன்னு சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், அனிமேன்னுதான் சொல்லோணும். உங்களுக்குப் புரியட்டும்னு விட்டுக் குடுக்கறேன். தமிழ்ல பேசுனவரு நம்மூரு ஆளு போல. 'தோண்டு சாமி, தோண்டு'ம்பாரு. அந்தக் குரலுக்கே நான் சாயங்காலம் சோலியெல்லாம் விட்டுட்டு உக்காந்திருப்பேன். அப்பவே எனக்குக் காலேஜ் முடிஞ்சிருச்சு. எங்கம்மா தலையில அடிச்சுக்கும்.

ஒரு நாள் போட்டா, வேற ஏதோ ஓடுது. அவ்வளவுதான். மொகு சுரங்கத்துக்குள்ள மாட்டிட்டு இருக்கறான், மேல வர்றானா இல்லையான்னு தமிழ்ல இன்னை வரைக்கும் காட்டல. எதுக்குன்னு கேளுங்க. உரிமைப் பிரச்சினை. மொகுவை வரைஞ்சவரு ஒரு பக்கம், படமா எடுத்த கம்பெனி ஒரு பக்கம். 'படம் எடுக்கத்தான் குடுத்தேன், பொம்மை விக்கக் குடுக்கல'ங்கறாரு அவரு. 'ஜப்பானுக்கு வெளிய எல்லாமே எங்களுது'ங்கறான் இவன். கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. கெரகம் புடிச்சவனுக. ஜப்பானுக்குள்ள ஒரு கொறையும் இல்லீங்க. பொம்மை, பென்சில் டப்பா, கொடை, பல்லு வெளக்கற பிரஷ்ஷு வரைக்கும் மொகு. வெளிநாட்டுக்காரனுக்கு மட்டும் ஒண்ணும் கெடையாது. நாம என்னங்க தப்புப் பண்ணோம்? கடை வெப்சைட்டுக்குள்ள போனா எல்லாத்தையும் காட்டுவான். கூடையில போட உடுவான். கடைசியா முகவரி கேப்பான். எங்கூரு சூலூருன்னு போட்டா, 'உங்கள் நாட்டுக்கு அனுப்ப இயலாது'. மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும். தானும் விக்க மாட்டானாம், இன்னொருத்தன் வித்தாலும் உட மாட்டானாம். இதென்னங்க நியாயம்?

சாம்பார் போதும் தம்பி. போதும்னா போதும்.

தரணியப் பாத்ததே அந்த வயித்தெரிச்சல்லதானுங்க. ஜப்பான்ல இருக்கற ஒருத்தரைப் புடிச்சு, அவரு வாங்கி இங்க அனுப்பறாப்ல ஏற்பாடு பண்ணி, ஒரு மொகு பொம்மை வர வெச்சேன். கோயமுத்தூரு கூரியர் ஆபீஸ்ல போய் நின்னா, ஒரு பொடிப்பையன், அப்பத்தான் டிப்ளமா முடிச்சவன், தனக்கு வந்த அதே மாதிரி பொம்மைக்குச் சண்டை கட்டிட்டு நிக்கறான். 'டப்பா நசுங்கிருக்குது, நான் கையெழுத்துப் போட மாட்டேன்'ங்கறான். அடடா, நம்ம சாதியா இவன்னு நெனச்சேன். அன்னைக்கு ரெண்டு பேரும் டவுன்ஹால் பக்கம் டீ குடிச்சோம், மொகுவைப் பத்தியே பொழுது போயிருச்சு. அப்படித்தான் எங்க குழு வந்துச்சு. 'நிலத்தடி கோவை'. நான் தலைவரு, அவன் எனக்கு அடுத்து. கடலூரு, கொழும்பு, கோலாலம்பூரு, எங்கெங்கிருந்தோ ஆளுக சேந்தாங்க.

ஒரே ஒரு சட்டம்தான் வெச்சிருந்தேன். ஒரிஜினல் மட்டும்தான். டூப்ளிகேட் வாங்கறவன், செய்யறவன், படம் புடிச்சுப் போடறவன், யாரா இருந்தாலும் வெளிய. பொள்ளாச்சிப் புள்ள ஒருத்தி களிமண்ணுல மொகு கம்மல் செஞ்சு போட்டுட்டு வந்தா. அழகாத்தான் இருந்துச்சு. அவளைக் குழுவ விட்டு எடுத்து வெளிய போட்டேன். அவதானுங்க அங்க எடம் மாறி உக்காந்தவ. தரணியோட பொறந்த நாளுக்கு அவங்கக்கா மொகு கேக்கு செஞ்சு வெச்சிருந்தாங்க. நான் ஒரு துண்டு தொடல. எதுக்குத் தொடோணும்? உரிமை வாங்கியா கேக்குல வரைஞ்சாங்க? 'அண்ணா, அது கேக்குண்ணா'ன்னான். கேக்கா இருந்தா என்ன? நாமளே மதிக்காட்டி அந்தக் கம்பெனிக்காரன் நம்மள எப்படி மதிப்பான்? ரெண்டு பக்கத்துக்கும் வருசா வருசம் நான் மெயில் போடுவேனுங்க. எங்களை அதிகாரப்பூர்வ ரசிகர் குழுன்னு ஏத்துக்கங்க, எங்க ஊருக்கும் சாமானம் அனுப்புங்கன்னு. ஒருத்தனும் ஒரு வரி பதில் போட்டதில்ல.

இப்ப பொண்ணு கதைக்கு வாரேன். உங்க சொந்தக்காரப் பொண்ணு, கோவிச்சுக்காதீங்க. ஹேமப்பிரியா நம்ம குழுவுல சேந்துதான் தரணிக்குப் பழக்கம். இங்க திருப்பூர்ல பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுப் பையர் கேக்கறதை இங்க கம்பெனியில செஞ்சு வாங்கற சோலி. ரெண்டு வருசம் முன்னாடி ஒரு ஆர்டர் வந்துச்சுன்னு சொன்னா. என்ன ஆர்டருங்கறீங்க? மொகு! கொழந்தைக பனியன், நெஞ்சுல மொகு. அந்தப் படக் கம்பெனி லைசென்ஸ் குடுத்து, ஐரோப்பாவுல ஒருத்தன் விக்கறதுக்கு, திருப்பூர்ல தைக்கறாங்க. நெனச்சுப் பாருங்க. ஜப்பான்ல இருந்து வரவே வராதுன்னு நான் அழுதுட்டு இருக்கறேன், பஸ் ஏறுனா ஒரு மணி நேரத்துல இருக்கற எடத்துல கட்டுக் கட்டா ஒரிஜினல் மொகு.

ஒரே ஒரு பீஸ் கேட்டேனுங்க. ஒண்ணே ஒண்ணு. 'அண்ணா, எண்ணி வெச்சிருக்கறாங்க, ஆடிட் இருக்குது. ஒரு பீஸ் வெளிய போனாலும் என்ற சோலி போயிரும்'னா. சரிம்மான்னுட்டேன். நானே சட்டம் பேசறவன், நான் என்ன சொல்லறது? மனசுல ஒண்ணும் வெச்சுக்கல. தொட்டுப் பாக்கக்கூட உடலீங்களே, அது மட்டும்தான்.

அப்புறம் கோர்ட்டுல தடை போட்டுட்டான். வழக்கு முடியற வரைக்கும் வெளிநாட்டுல ஒரு சாமானமும் விக்கக் கூடாது, லைசென்ஸ் குடுத்ததும் செல்லாது. ஐரோப்பாக்காரன் ஆர்டரைப் பாதியில உட்டுட்டான். தைச்சதெல்லாம் அழிச்சிருங்கன்னு ஒரு மெயில். திருப்பூர்ல எப்படி அழிப்பாங்க தெரியுங்களா? பிளேடு போட்டுக் கிழிச்சு வேஸ்ட்டுல தள்ளிருவாங்க. தைச்ச பனியனைக் கிழிச்சுட்டாங்க. தைக்காம கெடந்த துணி மட்டும், மொகு பிரிண்ட் ஆன முன்பக்கத் துணி, குடோன்லயே இருந்துச்சு. அழிக்க மனசு வராம மொதலாளி போட்டு வெச்சிருந்தாரு. அவரும் பாவந்தான்.

இந்தப் புள்ள என்ன பண்ணுச்சுன்னா, மொதலாளிகிட்டப் போயி, 'எனக்குக் கல்யாணம், அந்தத் துணியக் குடுங்க, தாம்பூலப் பை தைச்சுக்கறேன், விக்க மாட்டேன்'னு கேட்டிருக்குது. அவரும் எடுத்துக்கோ கண்ணுன்னுட்டாரு. வந்தவங்களுக்குத் தேங்கா பழம் போட்டுக் குடுக்கற பையில ஒரிஜினல் மொகு! எந்தக் குழுவுல எவன் பண்ணான் இப்படி? குழுவுல இருக்கற அத்தனை பேரும் கல்யாணத்துக்கு வரோணும், ஆளுக்கு ஒரு பை. எல்லாருக்கும் தெரியும். கொழும்புல இருக்கறவனுக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்லல.

யாரோ ஸ்டேட்டஸ்ல போட்ட படத்தைப் பாத்துத்தான் எனக்குத் தெரியும். மனசு பொக்குனு போச்சுங்க. நான் தலைவருங்க! பின்னால கேட்டப்ப தரணி என்ன சொன்னான் தெரியுமா? 'உங்களுக்குத்தாண்ணா மொதல் பை எடுத்து வெச்சிருந்தேன். கையில குடுத்து அசத்தலாம்னு இருந்தோம்.' அப்படீன்னா முன்னாடியே சொல்லியிருக்கோணுமா இல்லீங்களா? அசத்தறானாம் அசத்தறான். நான் என்ன சின்னக் கொழந்தையா?

நான் பண்ணது ஒரே ஒரு மெயில். அதைத்தான் இத்தனை பெருசாப் பேசறாங்க. ஒரு பக்கம் சாயக்கூடாதுன்னு ரெண்டு பேருக்குமே போட்டேன், வரைஞ்சவரு பக்கமும், படக் கம்பெனிப் பக்கமும். திருப்பூர்ல இன்ன கம்பெனியில உங்க மொகு துணி இருக்குது, பையாத் தைக்கறாங்க, அனுமதி உண்டான்னு தெரிவிக்கவும். படத்தையும் சேத்து வெச்சேன். கேள்விதானுங்க கேட்டேன்! புகாருன்னு எங்கயும் எழுதல. தப்பு இல்லேன்னா இல்லேன்னு சொல்லியிருப்பாங்க. இல்லீங்களா?

பத்து வருசமா ஒரு வரி எழுதாதவங்க, மறுநாளே பதில் போட்டாங்க. ரெண்டு பேரும்! கோர்ட்டுல எதுலயும் ஒத்துப் போகாதவனுக இதுல ஒத்துப் போனானுக. 'திரு. கௌரிசங்கர், தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி'ன்னு பேரு போட்டு. ஜப்பான்ல இருந்துங்க! நான் பிரிண்ட் எடுத்து... சரி, அதை உடுங்க.

நான் குழு மெயில்ல இருந்து அனுப்பிச்சேனா, பதிலும் அதுக்கே வந்துச்சு. அதைத் தரணியும் பாப்பான்ங்கறது அந்த நேரத்துக்குத் தோணல. கடுதாசின்னா குழு பேருலதானுங்க போடோணும், அதுதான மொறை?

ஒரு வாரத்துல அந்தக் கம்பெனி ஆளுக ஆடிட்டுன்னு வந்து எறங்கிட்டாங்க. குடோனைத் தொறக்கச் சொல்லி, தைச்ச பை, தைக்காத துணி, அத்தனையும் அவங்க கண்ணு முன்னாடி கிழிக்கச் சொல்லிட்டாங்க. மொதலாளிக்கு மத்த ஆர்டரும் போயிரும்னு மெரட்டி, அவரு பயந்து, உங்க பொண்ணைச் சோலிய விட்டு நிறுத்திட்டாரு. இப்ப நீங்களே சொல்லுங்க, சோலி போனது யாரால? என்னாலயா? உரிமைச் சண்டை போட்டவனாலயா? நான் நேரா அந்த மொதலாளியப் பாத்து ஒரு வார்த்தை சொன்னேனா? இல்ல. ஹேமாவைத் தப்பாப் பேசுனேனா? இல்ல. ஆனா தரணி கடைசியா ஃபோன்ல என்ன கேட்டான்? 'அண்ணா, யாருக்கு வேணும்னு இதைப் பண்ணீங்க?' மொகுவுக்காகன்னேன். வெச்சுட்டான்.

ஜப்பான்ல இருந்து வந்த பதில்ல கீழ இன்னொண்ணும் போட்டிருந்தாங்க, அதை எவனும் பேச மாட்டான். எங்க குழுவுல மொகு படம், பேரு எதுவும் இனிமே இருக்கக் கூடாதாம். எனக்கும்தான் அடி உழுந்துச்சு! நான் கேள்வி கேக்காம அன்னைக்கே இழுத்து மூடிட்டேன். சட்டம்னா சட்டம். மத்தவங்க எல்லாம் வேற பேருல புதுக் குழு வெச்சுட்டாங்களாம். பேருகூட எனக்குத் தெரியாது. கம்மல்காரிதான் அதுக்குத் தலைவியாம். இருக்கட்டும்.

ரசம் இங்க ஊத்தலியே கண்ணு. ஏன், எனக்கு மட்டும் ரசம் கெடையாதா?

ஒண்ணு சொல்லறேன் கேளுங்க. போன மாசம் வண்டி ரிப்பேருன்னு சூலூர்ல மெக்கானிக் பட்டறைக்குப் போனேன். அவன் கைத் தொடைக்கப் பனியன் வேஸ்ட்டை எடுத்தான். பாத்தா, மஞ்சக் குல்லா, பாதி மூஞ்சி, ஒரு கண்ணு. எனக்கு எங்கிருந்து கோவம் வந்துச்சோ தெரியல. 'யோவ், அது ஒரிஜினல்யா! அதுல போயி கிரீஸ் தொடைக்கறயே, அறிவிருக்கா?'ன்னு கத்திட்டேன். அவன் என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, 'வேணும்னா எடுத்துட்டுப் போங்க'ன்னான். எடுத்துட்டு வந்து மூணு தடவை தொவைச்சேன். கறை போகல. ஆனா துணி அருமைங்க. அப்படி ஒரு துணி. கம்பெனிக்காரனுக்கு மனசு வந்துச்சு பாருங்க, அதைக் கிழிக்கறதுக்கு.

இதுல பெரிய கூத்து என்னன்னா, இப்ப அவனுக ரெண்டு பேரும் ராசியாயிட்டானுக. ஆமாங்க! சிரிச்சுட்டுக் கைகுடுத்துப் படம் எடுத்துப் போட்டிருக்கறானுக. உரிமையச் செரி பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்களாம், இனிமே எல்லா நாட்டுக்கும் சாமானம் அனுப்புவாங்களாம். அந்தத் துணி மட்டும் இன்னைக்கு இருந்திருந்தா ஒருத்தன் ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. அதைப் படிச்சுட்டுத்தான் நான் பஸ் ஏறுனேன். கோர்ட்டு வரைக்கும் போயி அடிச்சுக்கிட்டவனே சேந்துட்டான். எனக்கும் தரணிக்கும் நடுவுல என்னங்க இருக்குது? ஒரு மெயில். எனக்கு அவன் வேணுமுங்க. யாருகிட்டப் போயி மொகுவைப் பத்திப் பேசறது நான்? நான் சோலி பாக்கற பம்ப் கம்பெனி ஸ்டோர்ஸ்ல இருக்கறவங்ககிட்டயா? வீட்டுல பேசுனா வாயை மூடுங்கறாங்க.

இருங்க, இருங்க. வர்றான். அதா, அந்தக் கோடியில, மாலையோட. பொண்ணும் வருது. கூட வர்றது பொண்ணோட மாமாங்களா? சரி. நீங்க இலையப் பாத்துச் சாப்பிடுங்க, நடுவுல புகுந்து வெலக்கி உட்றாதீங்க. அவன் கத்துனாக் கத்தட்டும். எளச்சுட்டான். கல்யாண அலைச்சல் போல. வேட்டி அவனுக்குக் கட்டவே தெரியாது, இன்னைக்கு நல்லாக் கட்டிருக்கறான். நான் எந்திரிக்கட்டுமா? வேண்டாம், உக்காந்தே இருக்கறேன். வந்துட்டான்.

தரணி...

கேட்டீங்களாண்ணா? நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க, காதுல உழுந்துச்சா? 'வாங்க சார், நல்லாச் சாப்பிடுங்க'ங்கறான். கையெடுத்துக் கும்பிட்டு. உங்களுக்கு என்ன சொன்னானோ, அதேதான் எனக்கும். 'சாருக்கு இன்னொரு ஜாங்கிரி வைங்க'ன்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லறான். நான் மூஞ்சியவே பாத்தேன். கோவம் இல்லீங்க. பல்லைக் கடிச்சுட்டு நிக்கல, கண்ணு செவக்கல, ஒண்ணுமே இல்ல. பொண்ணாவது தலையக் குனிஞ்சுட்டுச்சு. இவன் சிரிச்சுட்டே போயிட்டான்.

அந்த மாமா கேட்டாரே, 'யாருங்க மாப்ள இவரு, உங்க பக்கத்து ஆளா?'ன்னு. அதுக்கு என்ன சொன்னான்? 'தெரியலீங்க மாமா. உங்க பக்கம்னு நெனச்சேன்.'

பத்து வருசங்க. என்ற வீட்டுச் சாவி எங்க வெப்பேன்னு தெரிஞ்சவன். ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட வாங்கிட்டுப் போயிருப்பேன். தெரியலீங்க மாமாங்கறான்.

அந்த ஜாங்கிரிய எடுத்துட்டுப் போ தம்பி. வேண்டாம். வெக்காதன்னா வெக்காத.

ஏனுங்ணா... அந்த மாமா திரும்பி வர்றாருங்க. என்னையத்தான் பாத்துட்டு வர்றாரு, கூட ரெண்டு பேரைக் கூட்டிட்டு. நீங்க பொண்ணு வீடுதானுங்களே? அவரு வந்து கேட்டா, உங்ககூட வந்தவன்னு சொல்லிருங்கண்ணா.